உடுக்கக் கொடுக்கும் அரசு



இந்தச் சொற்பொழிவுக்குச் சமூக நலம் பற்றிய ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளும்படி அறக்கட்டளைக் குழுவினர் எனக்குச் சுதந்திரம் கொடுத்தபோது, இல்லாதவர்க்கு அரசாங்கம் ஆடை வழங்குதல் என்னும் விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன். அன்னம், வஸ்திரம், வாசஸ்தலம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவது நம்முடைய நெடுநாள் வழக்கம். மணிமேகலையும் அறம் யாது என்று கேட்பார்க்கு இம்மூன்றையும் உயிர்களுக்கு அளிப்பதே அறம் என்றுதான் விடை கூறுகிறது. ஆனாலும், உணவைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பொருளாதார அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கும் நூல்களோடு ஒப்பிட்டால், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆடையைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பம். உணவுக்கு இத்தனை கலோரி என்று ஓர் அளவு உண்டு. வீட்டுக்கு இத்தனை சதுர அடி என்று ஓர் அளவு உண்டு. ஒரு மனிதனுக்கு ஆண்டுக்கு எவ்வளவு துணி இருந்தால் அவன் மனிதனாக நடமாட முடியும் என்பதற்குத்தான் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்றும் இல்லை. அப்படியோர் அளவுகோல் அமையாமற் போனதற்குக் காரணம் அறிஞர்களின் அசிரத்தை மட்டுமன்று. ஆடையின் தேவை உடம்பைப் பொறுத்து மட்டும் அமையாமல் பார்ப்பவர் கண்ணையும் பொறுத்து அமைவதுதான் அதற்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதை முதன்முதலில் தெளிவாகக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் ஆடம் ஸ்மித். 1776-இல் வெளிவந்த தம்முடைய பெருநூலில், அத்தியாவசியப் பண்டம் எது என்று விசாரிக்கும் இடத்தில், அவர் லினன் சட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் லினன் இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். எனினும் தம் காலத்து ஐரோப்பாவில் கூலி வேலை செய்து பிழைக்கும் ஒருவன் அந்தச் சட்டையில்லாமல் நாலுபேர் நடுவே வரக் கூசுவான் என்றும், ஆகையால் அது ஆடம்பரம் அன்று, அத்தியாவசியமே என்றும் அவர் முடிவு கட்டுகிறார். குளிரைத் தாங்க எவ்வளவு துணி வேண்டும் என்ற கேள்வியை அவர் கூசாமல் நிற்க எவ்வளவு துணி வேண்டும் என்ற கேள்வியாக மாற்றிவிட்டார். பசி வயிற்றுக்குள் இருக்கிறது. கந்தல் தெருவில் நிற்கிறது. ஆகவே, ஆடையால் செய்யும் உதவியை எத்தனை கோடி உருப்படி கொடுத்தோம் என்ற கணக்கை மட்டும் வைத்து மதிப்பிடுவது போதாது. அதை வாங்கி உடுத்தியவர் தாம் வாங்கியவர் என்பது பிறர் கண்ணுக்குத் தெரியாதபடி நடமாட முடிகிறதா என்பதையே முதற் சோதனையாகக் கொள்ள வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மேலே சொல்லப்போகிறவை எல்லாம் இதன் விரிவே.

நம்முடைய பழைய இலக்கியத்தில் இந்த நுட்பம் தெரிந்த கொடையாளி ஒருவனைக் காண்கிறோம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில் கரிகாற்பெருவளத்தானிடம் வறுமையோடு போய்ச் சேர்கின்ற பொருநன், தான் உடுத்திருந்த துணி எந்த நிலையில் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறான்: ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் நனைந்து, கிழிந்த இடமெல்லாம் வேறு வேறு நூலால் தைக்கப்பட்ட கந்தல் அது. அரசன் அந்தக் கந்தலை முற்றிலும் களையச் செய்து, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியதாய்ப் பாம்பின் சட்டை போன்றிருந்த ஆடையை உடுக்கக் கொடுக்கிறான். மதுவும் விருந்தும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வந்தவன் பசியோடு வந்தவன் என்பது அரசனுக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும், கந்தலோடு இருப்பவனைப் பந்தியில் உட்கார வைத்தால் உண்ணும்போதும் அவன் இரவலனாகவே உண்பான் என்பதை உணர்ந்தவனாக இருந்தபடியால், முதலில் அவனைச் சபைக்கு உரியவனாக்கிவிட்டுப் பின்பு உணவிட்டான் என்றே நான் பொருள் கொள்கிறேன். கொடுத்த துணியும் அரண்மனைக்கு உபயோகமற்றுப் போன துணியன்று.

இந்த உயர்ந்த சித்திரத்துக்கு எதிரே வேறொரு சித்திரத்தையும் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறை நிலவிய காலத்தில், கூலி நெல்லோடு ஆண்டுக்கொரு முறை பண்டிகையை ஒட்டி மிராசுதாரர் தம் ஆளுக்கு ஒரு வேட்டியும் அவன் மனைவிக்கு ஒரு சேலையும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. உழைத்ததற்கு உரிய ஊதியத்தின் ஒரு பங்கே அது. ஆனால் வாசலில் எட்டி நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து வாங்க வேண்டியிருந்தமையால் ஊதியம் கொடையாக வேஷம் பூண்டது. ஆண்டு முழுவதும் அந்தத் துணியை உடுத்திக்கொண்டிருந்தவன் தான் யாருடைய ஆள் என்பதையும் சேர்த்தே உடுத்திக்கொண்டிருந்தான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், அதன் பின்பு விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் வலுவடைந்ததும் அந்த வாசல்களின் அதிகாரத்தைக் குறைத்தன. பொங்கலுக்கு வேட்டியும் சேலையும் வரும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அரசாங்கம் அதே பண்டிகையில் அதே இரண்டு உருப்படிகளைக் கொடுக்க முன்வந்தபோது, ஜனங்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றாமற் போனதற்கு இந்தப் பழைய நினைவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

உடை விஷயத்தில் நம் சமூகம் வறியவர்க்கு இழைத்த கொடுமை வறுமையோடு நின்றுவிடவுமில்லை. வாங்கும் சக்தி இருந்தவர்களையும் உடுத்தக்கூடாது என்று தடுத்த தேசம் இது. தென்திருவிதாங்கூரில் நாடார் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள்; 1859-இல் மகாராஜாவின் பிரகடனம் வந்தபோதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இராமநாதபுரம் ஜில்லாவில் 1930-இல் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது விதிக்கப்பட்ட தடைகளின் பட்டியலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார்: ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது என்பன அவற்றுள் அடங்கும். இந்தச் சரித்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது, நியாயவிலைக் கடையில் சாதி பார்க்காமல் அட்டையைப் பார்த்து ஒரே மாதிரியான வேட்டியும் சேலையும் கொடுக்கப்படுவது வெறும் சலுகையாகத் தோன்றவில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது என்று தடுக்கப்பட்ட அந்த வேட்டியை அரசாங்கமே முழு நீளத்தில் எடுத்துக் கொடுக்கிறது. இந்த வேட்டி, சேலைத் திட்டத்தைப் பரிகாசம் செய்கிறவர்கள் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டுமென்று நான் மனமார வேண்டிக்கொள்கிறேன்.

இனித் திட்டத்தின் வரலாற்றுக்கு வருவோம். அதற்கு உடுப்பவர் என்றும் நெய்பவர் என்றும் இரண்டு மூலங்கள் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1943-இல், துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு வந்தது. ‘கன்ட்ரோல் துணி’ என்ற பேச்சு வழக்கு அப்போது பிறந்தது. வங்காளத்தில் சோற்றுப் பஞ்சம் ஓய்ந்த கையோடு துணிப் பஞ்சம் தொடர்ந்து, உடுக்கத் துணியின்றிப் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத நிலைமை ஏற்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் சென்னை ராஜ்யத்தில் கஷ்டம் வேறு முகம் காட்டியது. துணி கடையில் இருந்தது; கைத்தறித் துணியை வாங்குவாரில்லை. 1952, 53 ஆகிய ஆண்டுகளில் நெசவாளர் ஊர்களில் தறிகள் நின்று கஞ்சித் தொட்டிகள் திறக்கும்படி ஆயிற்று. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று முதலமைச்சர் ராஜாஜி மத்திய சர்க்காரிடம் வற்புறுத்தினார். எதிர்த்தரப்பில் அண்ணாவும் அவருடைய கழகத்தாரும் 1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அரசியலில் இரு துருவமாக நின்றவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே நெசவாளிக்காக உழைத்தார்கள். அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் மில் துணிக்குக் கஜத்துக்கு மூன்று தம்படி வீதம் வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட ஏற்பாடு செய்யப்பட்டது.

நெசவாளிக்கு வேலையும் ஏழைக்கு மலிவுத் துணியும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்ற கருத்து 1976-இல் மத்திய அரசின் ஜனதாத் துணித் திட்டமாக உருப்பெற்றது. மலிவு விலை என்பதையும் தாண்டி, விலையே வாங்காமல் கொடுப்பது என்ற நிலைக்கு 1983-இல் எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழக அரசு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அவருடைய அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அண்டை ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் ஏழைகளுக்குப் பாதி விலையில் துணி கொடுக்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். அன்று தொடங்கிய வேட்டி, சேலைத் திட்டம் ஆட்சிகள் மாறியும் நிலைத்து, அண்மை ஆண்டுகளில் 1.7 கோடிக்குக் குறையாத சேலைகளையும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையுள்ள வேட்டிகளையும் பொங்கலை ஒட்டி வழங்கும் பெருங்காரியமாக வளர்ந்திருக்கிறது. 1962-இல் சென்னை ராஜ்யம் தொடங்கிய முதியோர் உதவித்தொகையைப் பெறுவோருக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்குமாக ஆண்டுக்கு இருமுறை துணி கிடைக்கிறது.

இந்தக் காரியம் நடைபெறும் விதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில், குணமும் குற்றமும் அந்த விவரங்களுக்குள்ளேதான் இருக்கின்றன. வருவாய்த் துறை தேவையின் எண்ணிக்கையைச் சொல்லுகிறது. கைத்தறி, துணிநூல் துறை உற்பத்தியை ஏற்கிறது. நூல் கொள்முதலாகி ஈரோடு, சேலம், நாமக்கல் முதலான பகுதிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போய், கைத்தறியில் ஒரு பங்கும் விசைத்தறியில் பெரும்பங்கும் நெய்யப்பட்டு, 1935-இல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்டு, தாலுகா அலுவலகங்களில் மூட்டை மூட்டையாக இறங்கி, கடைசியில் நியாயவிலைக் கடையை வந்தடைகிறது. இந்தச் சங்கிலியில் முதற்கண்ணி தாமதித்தால் எல்லாக் கண்ணிகளும் தாமதிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் நூல் கைக்கு வந்தால் தறிக்காரர் நிதானமாக ஓட்டலாம். ஐப்பசியில் வந்தால் இரவும் பகலும் ஓட்டினாலும் தை முதல் தேதிக்குள் முடியாது. சில ஆண்டுகளில் பொங்கல் கழிந்த பின்பு துணி வந்து சேர்ந்ததைப் பயனாளிகள் அறிவார்கள். பண்டிகையன்று புதிதுடுத்த வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட திட்டத்தில் பண்டிகை கழிந்து வரும் சேலைக்குத் துணி என்ற மதிப்பு உண்டு. புத்தாடை என்ற மதிப்பு இல்லை.

இதைக் காட்டிலும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. திட்டத்தின் ஒரு முனையில் நெசவாளியும் மறுமுனையில் உடுப்பவரும் நிற்கிறார்கள். இருவருடைய நலனும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. ஒரே ரகத்தை லட்சக்கணக்கில் நெய்வது தறிக்கு வசதி. அதே ரகத்தைத் தெரு முழுவதும் உடுத்துவது உடுப்பவர்க்கு வசதியன்று. விலையை அடக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் பருத்தியோடு செயற்கை இழையைக் கலப்பது அரசாங்கக் கணக்குக்கு ஏற்றது. சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நிற்கும் கிழவருக்கு ஏற்றதன்று. பேரம் பேசும் சபைகளில் நெசவாளிக்குச் சங்கம் உண்டு, பிரதிநிதி உண்டு, கோரிக்கை மனு உண்டு. உடுப்பவர்க்கோ நியாயவிலைக் கடை வரிசையில் ஓர் இடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே, இருவர் நலனும் மோதும்போது உடுப்பவரின் நலனே விட்டுக்கொடுக்கப்படுவது இயற்கையாகிவிட்டது. நெசவாளியின் மேல் எனக்குள்ள மதிப்பு எவர்க்கும் குறைந்ததன்று. ஆயினும், உடுப்பவர் மனமுவந்து உடுத்தாத துணியை நெய்வதில் எந்தத் தறிக்காரருக்கும் நெடுநாள் பெருமை இருக்க முடியாது.

துணியைத் தொட்டும் நிறத்தைக் கண்டும் இது எங்கிருந்து வந்தது என்று பிறர் சொல்லிவிடக்கூடிய நிலைமைதான் நான் முதலிற் சொன்ன சோதனையில் தோற்கும் நிலைமை. இதை வேண்டுமென்றே செய்த தேசங்களும் உண்டு. இங்கிலாந்தில் 1697-இல் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம் ஒன்று, ஊர்ப்பொது நிதியிலிருந்து உதவி பெறும் ஒவ்வொருவரும் தம் வலத்தோளில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தைச் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டித் தைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்று விதித்தது. அந்த விதி சட்டப்புத்தகத்தை விட்டு நீங்க 1810 வரை ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்ஹாம் முதலிய நகரங்களில் போலீசார் துணையோடு ஏழைச் சிறுவர்களுக்கு ஆடை வழங்கிய சங்கங்கள், பெற்றோர் அவற்றை அடகு வைத்துவிடாதபடி துணியில் முத்திரை குத்திக் கொடுத்தன. நோக்கம் நல்லதுதான், குழந்தைக்குக் குளிர் அடிக்கக்கூடாது என்பதே. ஆனால் அந்தச் சிறுவன் பள்ளிக்கூடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முத்திரையும் அவனோடு திரும்பியது.

வாங்குவோர்க்கு இதில் எவ்வளவு கூர்மையான உணர்ச்சி உண்டு என்பதை நம் காலத்து இரண்டு சம்பவங்கள் காட்டின. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த பின்பு நாகப்பட்டினக் கரைக்கு நாட்டின் நாலாபக்கங்களிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்து குவிந்தன. வீடு, படகு, பெற்ற பிள்ளைகள் அனைத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள்; சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்த அந்தத் துணிகளை அப்புறப்படுத்துவதே அதிகாரிகளுக்குத் தனி வேலையாயிற்று. அன்றைய செய்திகளைப் படித்த சிலர், கஷ்டகாலத்திலும் இவ்வளவு வீம்பா என்று கேட்டார்கள். உழைத்து உண்டு புதிதுடுத்திப் பழகிய ஒரு சமூகம் மற்றவர் கழற்றிய துணியை ஒரே நாளில் உடுத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் அறியாமை இருக்கிறது. தெலங்கானாவில் 2017-இல் பதுகம்மா பண்டிகைக்காக ஏறத்தாழ ஒரு கோடிப் பெண்களுக்குச் சேலை வழங்கும் திட்டம் தொடங்கியபோது, சில ஊர்களில் பெண்கள் தரமற்ற சேலை என்று சொல்லி அவற்றைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கடனிலும் தற்கொலைகளிலும் தத்தளித்த சிரிசில்லா விசைத்தறியாளர்களுக்கு வேலை கொடுப்பதும் அத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அந்த நல்ல நோக்கம் சேலையைக் கையில் வாங்கிப் பார்த்த பெண்ணுக்குப் போதுமான சமாதானமாக இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பின்னாளில் அங்கே ரகங்களும் வண்ணங்களும் பெருகின. இங்கும் 2023 பொங்கலுக்குச் சேலையில் 15 விதமும் வேட்டியில் 5 விதமும் புதிய வடிவங்கள் அறிமுகமாயின. சிறிய மாற்றம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரியும் தானும் ஒரே கரை, ஒரே உடல் என்று நிற்க வேண்டியதில்லை என்பது, சேலை கட்டுகிறவர்க்கு அதன் விலையைவிடப் பெரிய விஷயம்.

இதே அரசாங்கம் இதே துணியைக் கொண்டு செய்த இன்னொரு காரியத்தில் இந்தக் குறை அநேகமாக இல்லாமற் போனதை இப்போது சொல்ல வேண்டும். அதுதான் பள்ளிச் சீருடை. 1985-இல் சத்துணவு உண்ணும் மாணவர்க்குச் சீருடை கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டு, 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணை என்று உயர்ந்து, இன்று ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடந்து வருகிறது. மலைப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் சேர்த்து வழங்கப்படுகின்றன. எல்லாரும் ஒரே நிறம் உடுத்தும் இடத்தில் ஒரே நிறத் துணியைக் கொடுத்தால், கொடுத்தது எது, வாங்கியது எது என்று எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. தெருவில் குறையாக நின்ற ஒற்றுமையே வகுப்பறைக்குள் காப்பாகிவிடுகிறது. இணைகளின் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓர் இணை மட்டும் உள்ள பிள்ளை அதை இரவில் துவைத்து, அடுப்படியில் உலர்த்தி, காலையில் ஈரத்தோடு உடுத்தி வரும். ஐப்பசி மழையில் அதுவும் உலராமல் பள்ளிக்கே வராமல் நின்றுவிடும். நான்கு இணை என்றபோது அந்த மழைநாள்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு மனம் அதிகாரத்தில் எங்கோ இருந்திருக்கிறது, அதை வணங்குகிறேன்.

இலங்கையில் 1993-இல் ஜனாதிபதி பிரேமதாசாவின் ஆட்சியில் பள்ளி மாணவர் அனைவருக்கும், செல்வர் பிள்ளை, ஏழை பிள்ளை என்று பிரிக்காமல், சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மலையகத் தோட்டத்துப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே வெள்ளையில் பள்ளிக்குப் போகிறார்கள். இடையில் 2016-ஆம் கல்வியாண்டுக்குத் துணிக்குப் பதிலாகக் கூப்பன் கொடுத்துப் பார்த்து, சில ஆண்டுகளுக்குப் பின்பு மறுபடியும் துணிக்கே திரும்பினார்கள். நாணய நெருக்கடியில் நாடு தவித்த காலத்திலும் அந்த ஏற்பாடு நிற்கவில்லை. 2023-இல் தேவையின் பெரும்பகுதியைச் சீனா நன்கொடையாக அனுப்பியது. எல்லார்க்கும் கொடுப்பது வீண் செலவு என்று வாதிப்பவர்கள், யாருக்குத் தேவை என்று கண்டறிவதற்காகப் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நம்முடைய சீருடைத் திட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய பெருங்குறை, அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைக்கு வயது பதினான்கு. உடல் வளர்ந்து, தன்னைப் பற்றிய கூச்சமும் வளர்ந்து, சென்ற ஆண்டுச் சட்டை இந்த ஆண்டு இறுகி, தாவணியோ துப்பட்டாவோ இன்றியமையாததாகும் பருவம் அது. வாழ்நாளில் ஆடையால் மானம் அதிகமாக அலைக்கழியும் வயது எதுவென்று கேட்டால் எந்தத் தாயும் இந்த வயதைத்தான் சொல்லுவாள். அந்த வயதின் வாசலிலேயே அரசாங்கம் தன் துணியை மடித்து வைத்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் காத்திருக்கிறது, புத்தகம் உண்டு, பேருந்துச் சலுகை உண்டு. இடையிலுள்ள இந்த ஆண்டுகளில் சீருடைச் செலவு தகப்பனின் கூலியில் விழுகிறது. கூலி போதாத வீடுகளில் அது பெண்ணின் படிப்பின்மேல் விழுகிறது. சத்துணவே பத்தாம் வகுப்பு வரை நீண்டிருக்க, சீருடை மட்டும் எட்டாம் வகுப்போடு நிற்பது விபரீதம். வயிற்றுக்குப் போட்ட கணக்கை ஆடைக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

துணியாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுத்துவிடலாமே என்ற யோசனை இக்காலத்தில் பலமாகக் கேட்கிறது. அதற்கும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. அயர்லாந்தில் பள்ளி திறக்கும் பருவத்துக்கு முன்பு குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு ஆடைக்கும் பாதரட்சைக்கும் என்று ஓர் உதவித்தொகை கொடுக்கிறார்கள். தகுதி ஏற்கெனவே தெரிந்த பெரும்பாலான குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதாமலே பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் 2021-இல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 பவுன், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 150 பவுன் என்று தேசம் முழுவதற்கும் ஒரு குறைந்தபட்சம் வகுத்தார்கள். மேல்வகுப்புப் பிள்ளைக்கு அதிகம் வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருப்பதை, சற்றுமுன் நான் சொன்ன ஒன்பதாம் வகுப்போடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். பணத்தில் முத்திரை இல்லை. கடையில் நுழைபவர் மற்ற எவரையும்போல் நுழைகிறார். நிறத்தையும் அளவையும் தாமே தேர்கிறார். நான் முதலில் வைத்த சோதனையில் பணம் முழு மதிப்பெண் பெறுகிறது.

எனினும், நம் நாட்டில் அதை அப்படியே கொண்டுவந்து நட்டுவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கூலிக் குடும்பத்தில் கைக்கு வரும் ரொக்கத்துக்கு வட்டிக்காரர், மருந்துக் கடை, அடகுக் கடை என்று ஏற்கெனவே பலர் உரிமை கொண்டாடிக் காத்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்ணின் சேலை அந்த வரிசையில் எப்போதும் கடைசி. துணியாக வரும்போதுதான் அது அவளுடையதாகிறது. தறிகளின் கதியும் இருக்கிறது. நிச்சயமான கொள்முதல் ஒன்று இல்லாமற் போனால் எத்தனை தறிகள் நிற்கும் என்பதை 1953-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் எண்ணிப்பார்க்கவும் அஞ்சுவார்கள். ஆகையால் நடுவழி ஒன்றைச் சொல்லுகிறேன். குடும்ப அட்டைக்கு உரிய மதிப்புக்கு ஒரு சீட்டைக் கொடுத்து, அதைக் கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களிலும் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனைக் கூடங்களிலும் மட்டும் செலுத்தும்படி வைத்தால், பணம் வட்டிக்கடைக்கும் போகாது, நெசவாளி கையைவிட்டும் போகாது. வாங்குபவர் நாலு சேலையைப் புரட்டி, உதறிப் பார்த்து, இது வேண்டாம், அதைக் காட்டுங்கள் என்று சொல்லும் உரிமையைப் பெறுவார். அப்படி அவர் சொல்லத் தொடங்கிவிட்டால், எந்தப் பரிசோதனைச் சாலையின் சான்றிதழும் இல்லாமலே தரம் தானாக உயரும். கடை இல்லாத கிராமங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மார்கழியில் ஊர் ஊராகச் சந்தை கூட்டி விற்பது நெசவாளர் சங்கங்களுக்குப் புதிதல்ல. கைரேகை வைத்து வாங்கும் வழக்கம் நியாயவிலைக் கடையில் வந்துவிட்ட பிறகு, சீட்டு முறையில் மோசடி பெருகும் என்ற அச்சமும் முன்போல் பெரிதன்று.

கடைசியாக, மிகச் சாதாரணமான ஒரு விஷயம். பெண்கள் எல்லாரும் அறிந்தது, கோப்புகளில் மட்டும் காணாதது. சேலை மட்டும் வந்தால் உடையாகாது. உள்பாவாடை வேண்டும், ரவிக்கை வேண்டும். ரவிக்கைக்குத் துணி எடுத்துத் தையற்கூலியும் கொடுப்பதற்குள், விலையில்லாமல் வந்த சேலை ஒரு நாள் கூலியையும் தாண்டிச் செலவு வைத்துவிடுகிறது. இதனாலேயே வாங்கிய சேலையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கும் முதிய பெண்களையும், பொருந்தாத பழைய ரவிக்கையோடு உடுத்தியிருப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். சமூக நலத் துறையின்கீழ் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுப்பவர்கள் அவர்களே. விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் அந்தச் சங்கங்களில் பெருந்தொகையாக உறுப்பினராக இருக்கிறார்கள். பள்ளி திறக்கும் பருவத்தை ஒட்டிக் குவியும் வேலை மற்ற மாதங்களில் மெலிந்துவிடுகிறது. முதியோர் உதவித்தொகை பெறும் பெண்களுக்கேனும் சேலையோடு ரவிக்கைத் துணியும் உள்பாவாடையும் சேர்த்து, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தச் சங்கத்துப் பெண்கள் கிராமத்துக்கு வந்து நாடா பிடித்து அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும்படி ஓர் அரசாணை பிறப்பிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே, பழைய ஆண்டின் உத்தேச அளவை விட்டு, ஆண்டுக்கொரு முறை நேரில் அளவெடுக்கலாம். தை மாதத்துக்குள் எத்தனை தறி ஓடியது என்று கணக்கெடுக்கும் அதிகாரிகள், எத்தனை பேருக்கு அளவெடுத்தோம் என்ற கணக்கையும் அடுத்த மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.